துள்ளியின் வயிறு

அந்தப் பூச்சியின் வயிற்றை உடைக்கிற வேலையைக் கடைசியில் என் தலையில் கட்டினார்கள். என் அண்ணனுக்கும் என் வீட்டுக்காரருக்கும் ஒரே அறையில் மூச்சு விடக்கூடப் பிடிக்காது. அவர் ஆமாம் என்றால் இவன் இல்லை என்பான். இவன் வெயில் என்றால் அவர் குடையைத் தேடுவார். அப்படிப்பட்ட இரண்டு பேரும் ரொம்ப காலத்துக்குப் பிறகு ஒத்துக்கொண்ட ஒரே விஷயம், 'அவள் செய்யட்டும்' என்பதுதான். அதைக் கேட்டு நான் உச்சி குளிர்ந்து போனேன். இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

பூச்சி என்றால் வண்ணத்துப்பூச்சி. ஆனால் பொடிசு. சிறகை முழுக்க விரித்தாலும் பெருவிரல் நீளம் வராது. கறுப்புச் சிறகு, குறுக்கே ஆரஞ்சுப் பட்டை. பூவில் உட்கார்ந்து ஒய்யாரம் காட்டுகிற ரகம் இல்லை. புல் நுனியிலிருந்து புல் நுனிக்கு விருட்டென்று தாவி, நாம் வலையைத் தூக்குவதற்குள் காணாமல் போகும். அதனால் எங்கள் வட்டத்தில் அதற்குத் துள்ளி என்று பெயர். துள்ளியில் பல இனங்கள் உண்டு. தொல்லை என்னவென்றால் எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். சிறகைப் பார்த்தே இன்ன இனம் என்று ஒருவன் சொன்னால் அவன் கதை விடுகிறான் என்று அர்த்தம். ஆணின் வயிற்று நுனிக்குள், இணையும்போது பெண்ணைப் பிடித்துக்கொள்ள, இடுக்கி மாதிரி ஒரு ஜோடி உறுப்பு இருக்கிறது. அதன் வடிவம் மட்டும்தான் இனத்துக்கு இனம் மாறும். செத்த பூச்சியின் வயிற்றை உடைத்தெடுத்து, காஸ்டிக் பொட்டாஷ் கரைசலில் இளஞ்சூட்டில் ஊறப்போட்டு, சதையெல்லாம் கரைந்த பிறகு மிஞ்சுகிற கெட்டிப் பகுதியை நுண்ணோக்கியில் வைத்தால் தெரியும்.

அதுதான் என் பிழைப்பு. இயற்கை அருங்காட்சியகத்தில் பூச்சிப் பிரிவு. பிரிவுத் தலைவர் என் வீட்டுக்காரர். நான் உடைத்துப் பார்த்துச் சொல்வேன். அவர் கையெழுத்துப் போடுவார். நாங்கள் ஒரே வகுப்பில் படித்தவர்கள். மதிப்பெண்ணில் நான் முன்னால், பதவியில் அவர் முன்னால். நடுவில் எங்களுக்குப் பிள்ளை பிறந்தது என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் கிடையாது. பிள்ளை என்னவோ இரண்டு பேருக்கும்தான் பிறந்தது.

அவர் இந்த வட்டாரத்து வண்ணத்துப்பூச்சிகளைப் பற்றித் தலையணை மாதிரி ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். அதில் துள்ளிக்கு ஒரு பக்கம்தான். இங்கே இருப்பது ஒரே இனம் என்று அடித்துச் சொல்லிவிட்டு, கீழே பொடி எழுத்தில் ஓர் அடிக்குறிப்பு போட்டார்: 'வேறு இனமும் இருப்பதாகச் சொல்லும் பொழுதுபோக்குச் சேகரிப்பாளர்களுக்கு யாராவது கண் பரிசோதனை செய்துவைப்பது நல்லது.' அது யாரைக் குத்துகிறது என்று பூச்சி பிடிக்கிற எல்லோருக்கும் தெரியும். அன்றிலிருந்து என் அண்ணன் அவரை 'மாப்பிள்ளை' என்று கூப்பிடுவதை விட்டான். "உன் அடிக்குறிப்பு எப்படி இருக்கார்?" என்றுதான் என்னிடம் கேட்பான்.

அண்ணன் பல் செட் செய்கிறவன். பல் டாக்டர்கள் வாயில் அச்சு எடுத்து அனுப்பினால், அதற்கு ஏற்றபடி பல் வரிசை செய்து கொடுப்பான். அவன் வைத்த பல்லையும் சொந்தப் பல்லையும் பெற்ற தாயாலும் பிரித்துச் சொல்ல முடியாது. என் வீட்டுக்காரர் அவனுக்கு வைத்த பெயர் 'பல்லு'. இத்தனைக்கும் இந்த மனுஷனைக் கண்டுபிடித்து வீட்டுக்கு அழைத்து வந்தவனே அண்ணன்தான். இரண்டு பேரும் வலையைத் தூக்கிக்கொண்டு காடு மேடெல்லாம் சுற்றியவர்கள். 'இவனை மாதிரி ஒருத்தன் கிடைக்கமாட்டான் பாப்பா' என்று அவன் கொடுத்த சான்றிதழை நம்பித்தான் நான் தலையை ஆட்டினேன். அது என் விதி. பூச்சிக்கு வருகிறேன்.

பழைய கல்குவாரிக்குப் பின்னால் இருக்கிற சரிவில் அண்ணன் ஒரு துள்ளியைப் பிடித்திருந்தான். மற்றத் துள்ளிகளுக்கு ஆரஞ்சுப் பட்டை ஒரே ஓட்டமாக ஓடும். இதற்கு ஓரத்தில் அறுந்து அறுந்து போயிருந்தது. புது இனம் என்றான் அண்ணன். செதில் உதிர்ந்த கிழட்டுப் பூச்சி என்றார் என் வீட்டுக்காரர், பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல். அண்ணன் ஒவ்வொரு பருவத்திலும் அந்தச் சரிவுக்குப் போய்க் காய்ந்து கருகினான். இன்னொன்று அகப்படவே இல்லை. காலைப் பிய்த்து மரபணுச் சோதனைக்கு அனுப்பலாமே என்று கேட்பீர்கள். ஒப்பிட்டுப் பார்க்க மற்றத் துள்ளிகளுடைய பதிவு எந்த ஆய்வகத்திலும் இல்லை. ஆகக்கூடி இருந்தது அந்த ஒரு பூச்சி, அதற்கு ஒரு வயிறு.

புத்தகத்துக்கு இரண்டாம் பதிப்பு வரப்போகிறது என்றதும் அண்ணன் பெட்டியோடு பூச்சியியல் மன்றத்தின் கூட்டத்துக்கு வந்துவிட்டான். புத்தகம் போடுவது மன்றம்தான். செயலாளர் பேருந்துப் பணிமனையில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எதைப் பேசினாலும் அதில் ஒரு பேருந்து ஓடும்.

"இது அதுல வரணும்," என்று பெட்டியை மேசையில் வைத்தான் அண்ணன். "இல்லன்னா ஏன் வரலைன்னு காரணம் சொல்லணும்."

"காரணம் முதல் பதிப்புலயே இருக்கு. கீழ, சின்ன எழுத்துல," என்றார் என் வீட்டுக்காரர். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, ஆனால் சிரித்தவர்கள் வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன்.

"பாத்துட்டு சொல்றதுக்கு என்ன? கண்ணு அவிஞ்சு போச்சா?"

"கண்ணால பாத்துச் சொல்ற ஆளு நான் இல்லப்பா. வயித்தை ஒடைப்போம். தைரியம் இருக்கா?"

அண்ணன் பெட்டியின் மூடியை விரலால் தடவிக்கொண்டே இருந்தான். ஆசையாகப் பிடித்த பூச்சியை உடைக்கக் கொடுக்க யாருக்குத்தான் மனசு வரும் என்று நினைத்தேன். பிறகு அவன் நிமிர்ந்தான். "ஒடைங்க. ஆனா என் தங்கச்சிதான் ஒடைக்கணும். வேற யார் கையும் படக்கூடாது."

"நானும் அதையேதான் சொல்லப்போனேன்," என்றார் என் வீட்டுக்காரர்.

"அப்பாடா, வண்டி கிளம்பிடுச்சு," என்றார் செயலாளர். "அம்மா, நீங்க சொல்றதுதான் முடிவு. அதுக்கு மேல அப்பீல் கிடையாது."

நான் தலையை ஆட்டினேன். பதவி அவருடையது, புத்தகம் அவருடையது, குடியிருக்கிற வீடே அவருடைய பதவிக்குக் கொடுத்த வீடு. எனக்கென்று இருந்தது ஒன்றுதான்: நான் பார்த்துச் சொன்னால் சொன்னது. அதை என் அண்ணனும் என் புருஷனும் ஊர் முன்னால் ஒத்துக்கொண்டார்கள் என்று நெஞ்சு நிமிர்ந்தது. ஒரு பெண்பிள்ளைக்கு அண்ணனும் புருஷனும் சேர்ந்து கொடுக்கிற மரியாதை லேசில் கிடைக்கிறதா?

வீட்டுக்குப் போகிற வழியில் வண்டியை ஓட்டிக்கொண்டே அவர் சொன்னார்: "உன் விஷயத்துல நான் தலையிட மாட்டேன்மா. நீ என்ன பாக்குறியோ அதைச் சொல்லு."

"அதைத்தானே சொல்லப்போறேன்."

"ரெண்டாம் பதிப்பு பக்கமெல்லாம் அச்சுக்குக் கட்டி முடிச்சாச்சு. அதையும் கொஞ்சம் மனசுல வெச்சுக்கோ."

"அதை எதுக்கு மனசுல வெச்சுக்கணும்?"

"சும்மா சொன்னேன்," என்று அவர் ஹாரனை அடித்தார். எதிரே ஒரு வண்டியும் இல்லை.

என் மேசை ஜன்னல் ஓரத்தில் இருக்கிறது. காலை வெளிச்சம் நேராக விழும். அண்ணனுடைய பூச்சியைக் கார்க் பலகையில் குத்தி நிறுத்தினேன். முதலில் சிறகைப் பார்த்தேன். முன்சிறகில், பூதக்கண்ணாடிக்கு மட்டும் தெரிகிற சாம்பல் கோடு ஒன்று ஓடியது. அது ஆணுக்கு மட்டும் உள்ள வாசனைக் கோடு. ஆண்தான், சந்தேகமில்லை. ஆரஞ்சுப் பட்டை அறுந்த இடத்தில் செதில் ஒன்றுகூட உதிரவில்லை. கறுப்புச் செதில் வரிசை குலையாமல் அடுக்கியிருந்தது. கிழட்டுப் பூச்சியாம்! எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது, அண்ணன் சொன்னது சரி. ஆனால் எங்கள் தொழிலில் 'எனக்குத் தெரிந்துவிட்டது' என்பதற்கு ஒரு மதிப்பும் இல்லை. இடுக்கியைக் காட்ட வேண்டும்.

ஊசிமுனையால் வயிற்றை மேல்நோக்கி லேசாக நெம்பினால் காய்ந்த வயிறு படக்கென்று ஒடிந்து வரும். இது வரவில்லை. கொஞ்சம் வளைந்து, இழுபட்டு, வேண்டா வெறுப்பாக வந்தது. காற்றில் ஈரம் அதிகம் போல என்று நினைத்துக்கொண்டு கரைசலில் போட்டேன். சூடு ஏறியதும், வயிறு மார்போடு சேர்ந்திருந்த விளிம்பிலிருந்து வெள்ளையாக ஒரு படலம் பிரிந்து மிதந்தது. ஊசியால் தொட்டேன். ஒட்டிக்கொண்டு வந்தது. பூச்சிக்குள் எத்தனையோ கண்றாவி இருக்கும். பசை இருக்காது.

உடைந்த உணர்கொம்பை ஒட்ட நாங்களும் பசை வைத்திருக்கிறோம். அதே வெள்ளைப் பசை, கடையில் கிடைப்பது. பூச்சி சேர்க்கிறவர்கள் எல்லோரும் ஒட்டுவார்கள், ஒட்டிய இடம் தெரியும். இது நுண்ணோக்கிக்கே தெரியாமல் ஒட்டியிருந்தது. அப்படி ஒட்டுகிற கை எனக்குத் தெரிந்து ஒன்றுதான் உண்டு.

வயிற்றைத் துலக்கி நுனியைப் பார்த்தேன். இடுக்கியே இல்லை. முட்டையிடுகிற குழாய் இருந்தது. ஆண் பூச்சிக்குப் பெண்ணின் வயிறு! நிறம் பொருந்தியிருந்தது, பருமன் பொருந்தியிருந்தது, நுனி மயிர் உட்படப் பொருந்தியிருந்தது. பல் பொருத்துகிறவன் எதையெல்லாம் பார்ப்பானோ அதையெல்லாம் பார்த்திருக்கிறான். பார்க்க வேண்டியதைப் பார்க்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன்.

யாரிடமும் சொல்லாமல் அண்ணனுடைய பட்டறைக்குப் போனேன். பலகை பலகையாகப் பல் வரிசைகள் என்னைப் பார்த்து இளித்தன. மேசை, நாற்காலி, ரேடியோ எல்லாவற்றிலும் பிளாஸ்டர் தூள். அண்ணன் இளஞ்சிவப்பு மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட்டுக்கொண்டிருந்தான்.

"யார் வயிறு அது?" என்றேன்.

"எது?" தலையைத் தூக்கவில்லை.

"நடிக்காத. ஒரு பொண்ணோட வயித்தைக் கொண்டுபோய் ஆணுக்கு ஒட்டி வெச்சிருக்க."

மெழுகுக் கத்தி அந்தரத்தில் நின்றது. "பொண்ணா?" என்றான். கேட்ட பிறகுதான் தன் வாயாலேயே மாட்டிக்கொண்டது அவனுக்கு உறைத்தது. எழுந்துபோய் வீட்டுப் பக்கத்துக் கதவைச் சாத்தினான். "மெதுவாப் பேசு. அண்ணி இருக்கா."

"அண்ணிக்குத் தெரியக்கூடாது. எனக்கு மட்டும் தெரியலாமா? என்ன பண்ணி வெச்சிருக்க?"

அவன் ஸ்டூலில் உட்கார்ந்தான். "கூட்டத்துக்குக் கொண்டுவரலாம்னு பெட்டியைத் தொறந்து தூசு தட்டினேன் பாப்பா. பிரஷ் பட்டுச்சு. வயிறு டக்குனு விழுந்துடுச்சு. இதோ, இந்த மேசைக்கு அடியில. பிளாஸ்டர் தூளுக்குள்ள எங்க போச்சுன்னே தெரியல. குப்பை மொத்தத்தையும் சல்லடையில போட்டு சலிச்சுப் பாத்துட்டேன். கிடைக்கல."

"விழுந்துடுச்சுன்னு சொல்லிட்டுப் போயிருக்கலாமே. பூச்சிக்கு வயிறு விழுறது உலகத்துல இல்லாததா?"

"யாருகிட்ட சொல்றது? உன் அடிக்குறிப்புகிட்டயா? 'ஒரு பூச்சியை ஒழுங்கா வெச்சுக்கத் துப்பில்ல, புது இனம் கண்டுபிடிக்க வந்துட்டான் பல்லு'ன்னுவார். நாலு பேர் பல்லைக் காட்டுவாங்க. நீயும் பக்கத்துலதான் உக்காந்திருப்ப. ஒடைஞ்சதைத் தூக்கிக்கிட்டு அந்த ஆளு முன்னாடி நிக்கச் சொல்றியா? வீட்டுல சாதா துள்ளி கிடந்துச்சு. அதுலேர்ந்து ஒண்ணை எடுத்து ஒட்டினேன். சும்மா பார்வைக்கு."

"அவர் ஒடைக்கலாம்னு சொன்னப்பவாவது வேண்டாம்னிருக்கலாம்ல?"

"அவர் தைரியம் இருக்கான்னு கேட்டதுக்கப்புறமா?"

எனக்கு அவன் கன்னத்தில் ஓங்கி ஒன்று வைக்கலாம் போல இருந்தது. அந்த வயிறு இல்லாமல் மொட்டையாகக் கொண்டு வந்திருந்தால்கூட, முடிவு தெரியவில்லை என்று ஒரு வரி புத்தகத்தில் ஏறியிருக்கும். ஒரு சிரிப்புக்குப் பயந்து தன் பூச்சியைத் தானே பொய்ப் பூச்சியாக்கிவிட்டான். அந்த மனுஷர் மேல் இவனுக்கு இருக்கிற வெறுப்பு, பூச்சி மேல் இருக்கிற ஆசையைத் தின்று தீர்த்திருந்தது.

"அப்புறம் எந்த தைரியத்துல என் பேரைச் சொன்ன?"

"நீ இருக்கேங்கற தைரியத்துலதான்," என்றான். முகத்தில் பழைய சிரிப்பு வந்தது. "நீ பாத்தா கண்டுபிடிச்சுடுவேன்னு தெரியும். கண்டுபிடிச்சா நீ பாத்துக்குவேன்னும் தெரியும். இடுக்கி வேற மாதிரி இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லு. ஒரு படம் வரைஞ்சு காட்டு, போதும். நீ வரைஞ்சதை எவன் கேள்வி கேக்கப்போறான்?"

நான் நேர்மையானவள் என்பதற்காக அவன் என்னைக் கேட்கவில்லை. என் நேர்மையை ஊரே நம்புகிறது, அதை வைத்து ஒரு பொய்யை விற்றுவிடலாம் என்று கேட்டிருக்கிறான். கூட்டத்தில் நெஞ்சு நிமிர்ந்து உட்கார்ந்திருந்த என்னை நினைத்தால் அவமானமாக இருந்தது.

"பொய் சொல்லச் சொல்ற."

"பொய் எங்க இருக்கு? அது வேற இனம்தான். அந்தப் பட்டையைப் பாத்தியா இல்லியா? நெஞ்சுல கை வெச்சு சொல்லு."

"வேற இனம்தான். ஆனா இடுக்கியை நான் பாக்கல. பாக்காததை வரைய மாட்டேன்."

"அப்ப போ. போய் அவருக்கே பொண்டாட்டியா இரு." மெழுகுக் கத்தியை எடுத்துக்கொண்டான். "அண்ணன்னு ஒருத்தன் இருக்கறதை மறந்துடு."

"நாளைக்கு எல்லாரும் வருவாங்க. நானா யார் ஒட்டினதுன்னு சொல்ல மாட்டேன். நீயே சொல்லிடு. கை தவறிடுச்சு, ஒட்டிட்டேன்னு ரெண்டே வார்த்தை. யாரும் உன் தலையை வாங்கிட மாட்டாங்க."

அவன் அடுத்த பல்லை மெழுகில் நட்டான்.

மறுநாள் அருங்காட்சியகத்தில் என் அறைக்கே எல்லோரும் வந்தார்கள். செயலாளர் என் நாற்காலியில் உட்கார்ந்தார். என் வீட்டுக்காரர் அலமாரியில் சாய்ந்து நின்றார். அண்ணன் கதவோரத்தில் நின்றான். உள்ளே வரவும் இல்லை, வெளியே போகவும் இல்லை. நான் சுற்றி வளைக்கவில்லை.

"சிறகு ஆணோடது. வயிறு பொண்ணோடது. பசை போட்டு ஒட்டியிருக்கு. இந்தப் பூச்சியோட சொந்த வயிறு நம்மகிட்ட இல்ல. அதனால இது என்ன இனம்னு யாராலயும் சொல்ல முடியாது."

நான் அண்ணனைப் பார்த்தேன். அவன் உண்மையைச் சொல்ல நானே வழி திறந்துவிட்டேன்: "அண்ணே, பெட்டி உன்கிட்ட இருந்தப்ப ஏதாவது ஆச்சா?"

அவன் என்னைப் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரரைப் பார்த்தான். அவர் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு புறப்பட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சிரிப்பு மட்டும் இல்லாவிட்டால் அவன் சொல்லியிருப்பான் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

"என்கிட்ட இருந்த வரைக்கும் முழுசா இருந்துச்சு," என்றான் செயலாளரிடம். "நான் குடுத்தது முழுப் பூச்சி. இந்த மேசைக்கு வந்தப்புறம்தான் வயிறு மாறியிருக்கு. மாத்தினது யாரு, யாருக்காக மாத்தினதுன்னு நான் சொல்லணுமா? ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருக்கறவங்கதானே."

"அண்ணே!"

"நம்பித்தான் குடுத்தேன்," என்றான். நடிப்பு இல்லை. அதைச் சொல்கிற நேரத்தில் அவனே அதை நம்பிவிட்டான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "வயித்தை எடுத்துக்கிட்டவங்களே சிறகையும் வெச்சுக்கட்டும்." காலிப் பெட்டியைக்கூட எடுக்காமல் போய்விட்டான். பாப்பா என்று ஒரு தடவை திரும்பிப் பார்ப்பான் என்று நின்றேன். செருப்புச் சத்தம் படிக்கட்டில் இறங்கிப் போனது.

செயலாளர் கர்சீப்பால் நெற்றியைத் துடைத்தார். என்னைப் பார்க்காமல், "நான் யாரையும் ஒண்ணும் சொல்லலம்மா," என்றார். அப்படிச் சொன்னாலே சொல்லிவிட்டதாகத்தான் அர்த்தம். "ரெண்டாம் பதிப்பு பழைய ரூட்டுலயே போகட்டும். ஒரே இனம். அந்த அடிக்குறிப்பை மட்டும் எடுத்துடுங்க சார், பாவம்." அவரும் போய்விட்டார்.

என் வீட்டுக்காரர் கதவைச் சாத்தினார். எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். கல்யாணமான நாளிலிருந்து இந்தக் கட்டடத்தில் அவர் எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டதே இல்லை.

"உக்காரும்மா. டீ சொல்லவா?"

"எதுக்கு?"

"எதுக்குன்னா..." குரலைத் தாழ்த்தினார். கண் கலங்கியிருந்தது. "அவன் பேசினதைப் பெருசா எடுத்துக்காத. எனக்காக இவ்வளவு தூரம் செய்வேன்னு நான் நினைக்கவே இல்ல. அவன் சொன்னதுதான் சரின்னு கண்டுபிடிச்சிருக்க. என்னைக் காட்டிக்கொடுக்கவும் மனசில்ல, கூடப்பொறந்தவனைக் கவுக்கவும் மனசில்ல. பொண்ணு வயித்தை வெச்சு யாருக்கும் நோகாம முடிச்சுட்ட. என்ன சாமர்த்தியம்! இதை நான் உயிர் உள்ள வரைக்கும் மறக்க மாட்டேன்."

அண்ணன் திட்டியபோது வலித்தது. இவர் கொஞ்சியபோது குமட்டிக்கொண்டு வந்தது. அவனாவது நான் தப்புச் செய்துவிட்டேன் என்று கோபப்பட்டான். இவர், நான் தப்புச் செய்ததற்காக நன்றி சொல்கிறார். இந்த வேலையை என்னிடம் கொடுக்கும்போதே இவர் மனசில் இருந்தது இதுதான். எதிரே வண்டியே இல்லாத சாலையில் ஹாரன் அடித்தது இதற்குத்தான்.

"நான் மாத்தல," என்றேன். "வரும்போதே ஒட்டித்தான் வந்துச்சு. ஒட்டினது அண்ணன். நேத்து என்கிட்ட ஒத்துக்கிட்டான். ஆனா பூச்சி விஷயத்துல அவன் சொன்னது சரி. அது வேற இனம். உங்க புத்தகம்தான் தப்பு."

அவர் சிரித்தார். என் தோளில் தட்டினார். "சரி சரி. வெளியில இப்படியே சொல்லு. எங்கிட்ட எதுக்கு?"

"நம்பலையா?"

"நம்பறேம்மா. நீ எது சொன்னாலும் நம்பறேன்," என்று கண் சிமிட்டினார்.

அந்தக் கண் சிமிட்டலில் எனக்குள் எதுவோ அறுந்தது. எழுந்து அவர் எதிரே நின்றேன்.

"அப்ப நான் வயித்தை மாத்தக்கூடியவ."

"அட, விடும்மா."

"வேணுங்கறவங்களுக்காக மாத்துவேன். மாத்திட்டு முகத்தைப் பாத்துப் பொய் சொல்லுவேன். அப்படித்தானே? நல்லா யோசிச்சு சொல்லுங்க. உங்க புத்தகத்துல இடுக்கி படம் போட்ட பக்கம் எல்லாத்துக்கும் வயித்தை ஒடைச்சது யாரு?"

அவர் கை என் தோளிலிருந்து இறங்கியது.

"நீங்க ஒண்ணையாவது பாத்தீங்களா? 'நீ பாத்தா நான் பாத்த மாதிரி'ன்னு கையெழுத்துப் போட்டீங்க. போட்டவரு நீங்க. இப்ப நான் திருட்டுக் கைக்காரின்னு நீங்களே சர்டிபிகேட் குடுக்கறீங்க, கண்ணுல தண்ணியோட. அந்தப் பக்கத்துல எல்லாம் எதை மாத்தினேன், எதை மாத்தல? எந்தப் பூச்சியில எனக்கு யார் மேல கோபம் இருந்துச்சு?"

"என்ன பேச்சு பேசற? மத்ததெல்லாம்... மத்ததெல்லாம் சரிதானே?"

"நான் சரின்னு சொன்னா?"

அவர் முகத்தில் ஈயாடவில்லை. இரண்டாம் பதிப்பின் கனம் முழுவதும் அப்போதுதான் அவர் மடியில் வந்து விழுந்தது. என்னை நம்பினால் இந்தப் பூச்சியில் அவர் தோற்க வேண்டும். நம்பாவிட்டால் புத்தகத்தில் ஒரு பூச்சியும் மிஞ்சாது.

"நெஜமாவே நீ மாத்தலையா?" என்று கேட்டார். இந்தத் தடவை குரலில் கொஞ்சல் இல்லை. கெஞ்சல் இருந்தது.

"நான் மாத்தலைங்கறது தெரிஞ்ச ஆளு உலகத்துலயே ஒருத்தன்தான். போய் அவன் வாயாலயே கேட்டுட்டு வாங்க."

"யாரு?"

"எங்க அண்ணன்."

அவர் ஜன்னலைப் பார்த்தார், அலமாரியைப் பார்த்தார், மேசையில் வயிறில்லாமல் நின்ற துள்ளியைப் பார்த்தார். 'பல்லு' என்று அவர் வாயில் வரவில்லை. அந்தப் பட்டறை வாசலில் போய், நீதான் ஒட்டினாய் என்று தயவு செய்து ஒத்துக்கொள், இல்லாவிட்டால் என் புத்தகம் போய்விடும் என்று அவனிடம் கேட்க வேண்டும். அவன் அதை எப்படி ரசிப்பான் என்று எனக்குத் தெரியும். இவருக்கும் தெரியும். ஒத்துக்கொள்வானா என்பது மட்டும் எங்கள் இருவருக்குமே தெரியாது.

கடைசியில் வண்டிச் சாவியை எடுத்தார். கதவு வரைக்கும் போய் நின்றார்.

"நீயும் கூட வாயேன்மா. ரெண்டு பேருமா கேட்டா ஒருவேளை..."

நான் நாற்காலியை மேசைக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"நான் எதுக்கு? நான் சொன்னாத்தான் ஒருத்தரும் நம்ப மாட்டீங்களே."